தோட்டாப் பஞ்சமும் குறி பயில்வோரும்

மாணவர் படையைச் சேர்ந்த எம்மில் ஒவ்வொருவருக்கும் அன்று சுடுகளத்தில் 5 தோட்டாக்கள் தரப்பெற்றன. அவை ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் ஒரு கணுவளவினதே. ஆயினும் அவற்றைக் கையில் ஏந்திய காலத்து எமக்குண்டான பெருமிதம் சொல்லுந்தரத்ததன்று. பொழுது புலருமுன் எழுந்து, பனியில் நடந்து, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று பெற்ற அவ்வைந்தையும் யாம் ஒரு நிமிடத்திற்குள் செலவிட்டு எழுந்தோம். குறிப்பலகையைக் கொணர்ந்து நோக்கியபோது அதில் இரண்டு துளைகளே காணப்பட்டன. அவற்றுள்ளும் ஒன்று தம்முடையது என்று பக்கத்தில் படுத்திருந்த தோழர் உரிமை கொண்டாடினார். மறுமுறை சுடுவது எப்போது என வினவினோம். "தோட்டா வந்தால்" என்று விடை வந்தது.

அவ்விரு சொற்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின. தோட்டா ஏன் வாராதொழிகின்றது, வாராத காலத்துக் குறி பயில விரும்புவோன் செய்யத்தக்கது யாது என்னும் இரண்டையும் யாம் கேட்டும் கற்றும் அறிந்தவளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடுதல் என்றவுடன் நம்மவர் பலர்க்கு வேட்டையே நினைவிற்கு வரும். துரைமாரும் ஜமீன்தார்களும் மலைச்சாரல்களில் வேட்டையாடிய காலம் கழிந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று எஞ்சியிருப்பது தாளிலும் களிமண் தட்டிலும் குறி பார்க்கும் விளையாட்டு ஒன்றே. அதனை எளியதென்று எண்ணற்க. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்ற பொற்பதக்கமும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலப் பதக்கங்களும் இவ்விளையாட்டில் நம் தேசத்திற்குக் கிடைத்தனவே. நம் தமிழகத்துப் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினராகிய பிருத்விராஜ் என்பார் பறக்கும் தட்டுகளைச் சுடும் பிரிவில் அதே பாரிஸ் களத்தில் நின்றார். இவ்விளையாட்டுக்குரிய துப்பாக்கிகளும் தோட்டாக்களும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் பெற்றவன் எத்துணைத் தோட்டா வாங்கலாம் என்பதும் அவ்வுரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஆதலின், அரிசி கிடைக்காதபோது அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவதுபோல் தோட்டாவுக்கு அடுத்த ஊர் செல்லுதல் இயலாது.

இனித் தோட்டாவின் உறுப்புகளை நோக்குவாம். வெளியே பித்தளைக் கூடு, அதன் அடியில், அடித்தவுடன் தீப்பொறி எழுப்பும் சிறு மருந்து, நடுவே வெடிமருந்து, தலையில் ஈயக்குண்டு. ஆக நான்கு. வண்டிக்கு எல்லா உறுப்பும் செவ்வையாயிருந்தும் கடையாணி ஒன்று கழன்றால் வழியில் நிற்பதுபோல, இந்நான்கினுள் ஒன்று குறைந்தாலும் தோட்டா இல்லை. செம்பும் துத்தநாகமும் கூடியது பித்தளை. புகையற்ற வெடிமருந்துக்கு மூலம் பருத்தி. ஆம், நாம் உடுக்கும் பருத்தியே! பஞ்சை அமிலத்தில் இட்டுப் பக்குவம் செய்து பெறும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளே அதன் உயிர். நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பெற்ற கார்டைட் தொழிற்சாலையும் இவ்வகை மருந்து செய்வதற்கென்றே எழுந்தது.

சுட்ட பின்னர்க் குண்டும் மருந்தும் போயொழியினும் கூடு நம்மிடமே நிற்கின்றது. அதனை எடுத்துப் புதிய தீமருந்தும் வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் வழங்கும் வழக்கம் அமெரிக்கா முதலிய நாடுகளில் உண்டு. அங்குள்ளோர் அதனை ஒரு கைத்தொழில் போலவே பயில்கின்றனர். நம் மாணவரும் அவ்வாறு செய்தால் என்ன என்று எம் தோழர் ஒருவர் வினவினார். செய்தல் ஆகாது, அதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, உரிமமின்றித் தோட்டா உருவாக்குவதைச் சட்டம் தண்டிக்கும். அதன் இடர்ப்பாட்டையோ சிவகாசிச் செய்திகளை நாளிதழில் படிப்போர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டாவது, நாம் பயிலும் .22 தோட்டாவின் அமைப்பே அதற்கு இடங்கொடாது. பெருந்தோட்டாக்களில் தீமருந்து கூட்டின் அடிநடுவே தனிக் கிண்ணமாகப் பதிந்திருத்தலின் அதனை மாற்றலாம். சிறு தோட்டாவிலோ அது கூட்டின் விளிம்பு மடிப்பினுள்ளேயே பரவியிருக்கின்றது. துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியே தீ எழுப்புகின்றது. நசுங்கிய விளிம்பு மீண்டும் பயன்படாது.

நிற்க. தோட்டாப் பஞ்சம் நம் காலத்தில் மட்டும் நேர்ந்ததன்று. முதல் உலகப்போரில், கார்டைட் செய்வதற்கு வேண்டிய அசிட்டோன் என்னும் திரவம் இங்கிலாந்தில் அருகிப் போயிற்று. மான்செஸ்டரில் ஆசிரியராயிருந்த ஹாயிம் வைஸ்மன் என்னும் இரசாயன அறிஞர், சோளம் முதலியவற்றின் மாவுச்சத்தைக் கிருமியால் புளிக்கவைத்து அதனைப் பெறும் வழி கண்டார். பின்னாளில் இஸ்ரேல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானவர் இவரே. 1917இல் தானியமும் குறைந்தபோது, ஒருவகைக் காட்டுமரத்தின் கொட்டைகளைப் பள்ளிச் சிறுவர்கள் பொறுக்கித் தருமாறு ஏவப்பட்டனர். எம்மினும் இளையோர் கூடை கூடையாகக் கொட்டை பொறுக்கிப் பீரங்கிக்கு உணவளித்தனர் என்பதைப் படித்தபோது யாம் நகைப்பதா வருந்துவதா என அறியாமல் இருந்தோம். இரண்டாம் உலகப்போரிற் பஞ்சம் செம்பின்மேல் வந்தது. 1943இல் அமெரிக்கர் தம் ஒரு சதக் காசைச் செம்பை விடுத்து எஃகில் அடித்தனர். அதே ஆண்டு முதல் நம் நாட்டுக் காலணாவும் நடுவே துளைபட்டு வந்தது. பாட்டிமார் பெட்டியில் இன்றும் கிடக்கும் ஓட்டைக் காலணா, உலோகத்தைச் சிக்கனம் செய்த அக்காலத்தின் எச்சமே.

இவை போரால் வந்தவை. அச்சத்தால் வரும் பஞ்சம் வேறொன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பள்ளியொன்றில் நிகழ்ந்த கொடுங்கொலைக்குப் பின், துப்பாக்கிச் சட்டங்கள் இறுகும் என்றெண்ணி அந்நாட்டார் கடைகளை மொய்த்தனர். மிக மலிவான .22 தோட்டாவும் நெடுங்காலம் கிடையாதாயிற்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. தொழிற்சாலைகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் ஒரு பெட்டி வேண்டியவன் பத்துப் பெட்டி வாங்கினான். 2022இல் உக்ரைன் போர் மூண்ட பின்னர், நைட்ரோசெல்லுலோஸ் படைகளுக்கே போதாமையால் விளையாடுவோர் பங்கு மேலும் சுருங்கியது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கென்று பதுக்கி வைத்தவர் பாத்திரத்தில் புழு நெளிந்த கதையை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கின்றோம். தோட்டாவிற் புழு நெளிவதில்லை. அதனாலேதான் பதுக்குவோர்க்கு வெட்கமும் உண்டாவதில்லை போலும். ஒருவன் அலமாரியில் உறங்கும் பெட்டிகளால் புதிதாகப் பயில வரும் சிறுவன் வெறுங்கையனாய்த் திரும்புகின்றான் என்பதே எம் மனத்தை உறுத்துவது.

தோட்டா தீர்ந்த இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு நாம் நாடோறும் கடந்து செல்லும் வேலூர்க் கோட்டையே சான்று. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன், புதிய தலைப்பாகையையும் அதில் செருகிய தோற்குஞ்சத்தையும் பிற கட்டளைகளையும் பொறாத சிப்பாய்கள் எழுந்தனர். ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவினருள் உயிர்தப்பிய சிலர் மதிலின்மேல் ஒதுங்கினர். காலை ஏறியபோது அவர்களிடம் தோட்டா இல்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி என்னும் தளபதி கயிற்றால் மதிலேறி அவர்களை அடைந்தபோது, அவரும் துப்பாக்கி முனைக் கத்தியையே நம்ப வேண்டியவரானார். பின்னர்ப் பீரங்கியால் வாயில் தகர்க்கப்பட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாய்ந்தனர். அவர்கள்பால் எம் நெஞ்சம் இரங்குகின்றது. ஆயினும் அவ்வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. போர்க்களத்தில் தோட்டாவின்மை உயிரைக் கேட்கும். விளையாட்டுக் களத்திலோ அது பொறுமையை மட்டுமே கேட்கின்றது என்பதைச் சொல்லவே இதனை எடுத்தோம்.

அப்பொறுமையைக் கற்பித்தவர் படைவீரரல்லர். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் தோல் வெட்டும் பெரியவர் ஒருவர். எம் தோழரின் தந்தையாராகிய அவர், துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரொன்று எமக்கு வெட்டித் தந்தார். கத்தியை எடுக்குமுன் அவர் அச்சினைத் தோலின்மேல் வைத்தார், திருப்பினார், தழும்பும் உண்ணிக் கடியும் உள்ள இடத்தை விலக்கி மீண்டும் வைத்தார், கையை ஓட்டியும் பார்த்தார். இவ்வாறு ஆறேழு முறை வெட்டாமலே வெட்டிப் பார்த்த பின்னரே கத்தி இறங்கியது. "தோல் போனால் திரும்ப வருமா, தம்பி?" என்றார்.

துப்பாக்கி வீரர் செய்வதும் இதுவே. தோட்டா இடாமல், இட்டதுபோலவே படுத்து, மூச்சை அடக்கி, குறி நோக்கி, விசையை மெல்ல அழுத்துதலை வெற்றுச்சுடல் எனலாம். உலகப் புகழ் பெற்ற வீரரும் நாடோறும் இதனைப் பயில்கின்றனர். வெடியோசையும் அதிர்ச்சியும் இன்மையால், விசை அழுத்துங்கால் துப்பாக்கியின் முனை எப்பக்கம் துள்ளுகின்றது என்பது தெளிவாகத் தெரிகின்றது. தோட்டாவோடு சுடும்போது இக்குற்றம் ஓசையில் மறைந்துபோகும். யாம் அன்று மூன்று குண்டுகளை மண்ணுக்கு இரையாக்கியதும் விசையை வெடுக்கென இழுத்ததனாலேதான் என்பதை இதனாலேயே அறிந்தோம். இப்பயிற்சிக்கு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைத் தானும் பிறரும் கண்ணாற் கண்டு உறுதி செய்தல் முதலாவது. .22 துப்பாக்கியை அறவே வெறுமையாக அழுத்தினால் ஊசி அறையின் விளிம்பில் மோதிச் சிதையும். ஆதலின் சுட்ட கூட்டையோ அதற்கென்றமைந்த போலித் தோட்டாவையோ இடுதல் இரண்டாவது. பறக்கும் தட்டுகளைச் சுடுவோர்க்கு ஒரு பந்தயத்தின் முதற்சுற்றிலேயே 125 தட்டுகள் உண்டாதலின் பஞ்சம் அவர்களையே மிக வாட்டும். அவர்களும் வீட்டில், சுவரும் கூரையும் கூடும் கோட்டின்மேல் துப்பாக்கி முனையை ஓட்டித் தோளில் ஏற்றிப் பழகுகின்றனர்.

மற்றொரு வழி காற்றுத் துப்பாக்கி. அதில் கூடில்லை, தீமருந்தில்லை, வெடிமருந்தில்லை. அரை கிராம் அளவுள்ள ஈயரவை ஒன்றே. அதனை அழுத்தப்பட்ட காற்று உந்துகின்றது. நான்கு பொருட்கு ஏங்குவோன் இங்கு ஒன்றற்கே ஏங்குகின்றான். எளியதன்றோ எனின், 10 மீட்டர் தொலைவில் வைத்த தாளில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டரே! பிந்த்ரா பொன் வென்றதும் இதிலேதான். மற்று, குறிப்பலகைக்குப் பின்னே தேங்கும் ஈயத்தைச் சேர்த்து உருக்குவார்க்கு விற்கும் கழகங்களும் உண்டு. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணலாகாது. குரோமியக் கழிவால் பாலாற்றங்கரை பட்ட பாட்டை அறிந்த நமக்கு உலோக நஞ்சைப்பற்றி மிகுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்து வல்வில் ஓரி நினைவிற்கு வருகின்றான். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியதாக வன்பரணர் புறநானூற்றிற் பாடுகின்றார். புலவர் கூற்றை அளவுகோல் கொண்டு அளத்தல் முறையன்று. ஆயினும் வில்லாளியின் பெருமையை அம்புகளின் தொகையால் அளவாமல், ஓரம்பு செய்த வேலையால் அளந்த நுட்பம் எமக்கு மிகவும் உவப்பாயிருந்தது. ஐந்து தோட்டா பெற்ற மாணவனுக்கு அவர் நூறு பெற்றவனைக் காட்டிலும் அணுக்கமானவர்.

விடுதி அறையில், சுவரில் ஒட்டிய கரும்புள்ளியை நோக்கி, தோழர் கேலிக்கு நடுவே, மரக்கட்டையொன்றைத் தோளில் ஏந்தி யாம் நான்கு திங்கள் பயின்றோம். ஆம்பூர் வார் கையில் நன்கு பழகிப் பதமாயிற்று. பிறகு தோட்டா வந்தது, மீண்டும் 5. இம்முறை அவற்றைச் செலவிட எமக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. மேற்பார்த்தவர் இருமுறை கனைத்தார். பலகை வந்தபோது நான்கு துளைகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. ஐந்தாவது எங்கே சென்றதென்று தெரியவில்லை. அடுத்த பலகையில் ஆறு துளைகள் இருந்தன. அத்தோழரோ ஆறும் தம்முடையனவே என்று இன்றளவும் சாதிக்கின்றார்.