கீசரில் நீர் ஒழுகினால்

குளியலறைக் கீசரில் நீர் ஒழுகினால், அதன் சுவிட்சைத் தொடாமல், முதலில் மெயின் பெட்டியில் எம்.சி.பி.யை அணையுங்கள். பிறகு தண்ணீர் உள்ளே போகும் வால்வை மூடுங்கள்.

அடுத்து, எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். இணைப்புக் குழாயில் என்றால் வாஷர் மாற்றினாலே போதும். சூடாகும்போது தண்ணீர் விரிவதால் பாதுகாப்பு வால்வில் சில சொட்டுகள் விழுவது இயல்பு. சூடேறி முடிந்தும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். அதைப் பசை வைத்து அடைத்திருப்பதை மஹல்லா வீடுகள் சிலவற்றில் கண்டு பதறினோம். அழுத்தம் வெளியேற வழியின்றித் தொட்டியே வெடிக்கக்கூடும்! இரண்டு சொட்டுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்கலாமா?

அடிப்பக்க உறையிலிருந்து கசிந்தால் பெரும்பாலும் உள்தொட்டி அரித்திருக்கும். அதற்கு ஒட்டு வேலை நிற்காது. புதிதுதான் வாங்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள தெருக்காரர்கள் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியை ஆண்டுக்கொருமுறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தொட்டிக்குப் பதிலாகக் கரைவது அந்தக் கம்பிதான்.