எச்சரிக்கைக் கோடு

வலி வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை மட்டும் இறங்கவில்லை. கருப்பை முழு பலத்தோடு சுருங்கியும் பிள்ளை இடுப்புக்குழி வழியே இறங்க முடியாமல் நிற்பதைத் தடைபட்ட பிரசவம் என்கிறோம். தாயின் இடுப்பு குறுகியிருக்கலாம். பிள்ளை குறுக்கே கிடக்கலாம். நெற்றியை முன்னே கொடுத்து வரலாம். இடுப்புக்கும் தலைக்கும் பொருந்துமா என்பது பெரும்பாலும் வலி கண்ட பிறகே தெரியும். ஆகவே நேரத்தைக் கவனிப்பதுதான் இங்கே முதல் வைத்தியம்.

அந்த நேரத்தைக் கண்ணுக்குத் தெரியவைத்தவர் டாக்டர் ஹ்யூ ஃபில்பாட். அன்றைய ரொடீஷியாவின் சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், பெரும்பாலான பிரசவங்களைப் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள்தான். அறுவை சிகிச்சை வசதியோ தொலைவில். யாரை, எப்போது அனுப்புவது? கருப்பை வாய் நேரத்தோடு எப்படித் திறக்கிறது என்று மருத்துவர் ஃபிரீட்மேன் 1954இல் அமெரிக்காவில் வரைந்த வரைபடத்தை எடுத்து, அதில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார் ஃபில்பாட். காஸில் என்பவருடன் சேர்ந்து 1972இல் அதை வெளியிட்டார். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறப்பதைக் காட்டுவது எச்சரிக்கைக் கோடு. திறப்பு அதைவிடப் பின்தங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நான்கு மணி நேரம் தள்ளி இருப்பது செயல் கோடு. அதைத் தொட்டால் மருத்துவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். இடையிலுள்ள நான்கு மணி நேரம் வண்டி பிடித்துப் போய்ச்சேர்வதற்கான அவகாசம். ஏழை நாட்டு மருத்துவச்சியை மனதில் வைத்துப் பிறந்த இந்தக் கணக்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியாவில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்தது. 18 மணி நேரத்தைத் தாண்டி நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. முடிவுகள் 1994இல் வெளியாயின.

கோட்டைக் கவனிக்காமல் விட்டால் உடம்பே சொல்லத் தொடங்கும். பிள்ளையின் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், உச்சியில் வீக்கம் காணும். தாய்க்கு நாடி வேகமெடுக்கும், காய்ச்சல் வரும், சிறுநீரில் ரத்தம் கலக்கும். வயிற்றின் குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்தால் கருப்பை கிழியும் தறுவாயில் இருக்கிறது. முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். தலைச்சன் பிரசவத்தில் பெரும்பாலும் கருப்பை சோர்ந்து வலி அடங்கிவிடும். அதை ஓய்வென்று எண்ணி விட்டுவிடக்கூடாது.

இந்த நிலையில் வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் கூடவே கூடாது. வயிற்றை மேலிருந்து அழுத்துவதும் அப்படியே. சலைன் ஏற்றி, கதீட்டர் போட்டு, ஆன்டிபயாடிக் தொடங்கி, ரத்தம் தயார்செய்து, தாமதமின்றி சிசேரியனுக்குப் போக வேண்டும்.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. பிரசவம் முடிந்தபிறகு, கோப்புக்காக அந்த வரைபடத்தை நிரப்பும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிள்ளை பிறந்தபின் வரைந்த கோடு யாரை எச்சரிக்கும்?

மறுபக்கமும் உண்டு. எல்லா உடம்பும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறப்பதில்லை. மெதுவாகத் திறந்து சுகமாகப் பெற்றவர்கள் ஏராளம். அதனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொண்டுவந்த புதிய வழிகாட்டிப் படிவம் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. அங்கே ஆறு மணி நேரம் வரை பொறுக்கலாம். ஒன்பது சென்டிமீட்டரில் இரண்டு மணி நேரம்தான். பிரசவ வேளையில் தாயின் அருகே துணைக்கு ஆள் இருக்கிறாரா என்று குறிக்கவும் அதில் ஓர் இடம் இருக்கிறது.

(தொடரும்)