நிலத்தடி நீர்த்தொட்டி
மசகான் கோட்டை, எல் ஜதீதா, மொராக்கோ

போர்த்துகீசியர் 1514-இல் இங்கே ஒரு சிறு கோட்டை எழுப்பினர். 1541-இல் தெற்கே அகாதிர் துறைமுகத்தை இழந்ததும், மசகானைச் சுற்றி நட்சத்திர வடிவில் பெரிய மதில் கட்டினர். முற்றுகை நீண்டாலும் குடிநீருக்குத் தட்டுப்பாடு வராதிருக்க, பழைய கோட்டையின் இக்கூடத்தை மழைநீர்த் தொட்டியாக்கினர். 1562-இல் வந்த பெரும் முற்றுகையையும் இவ்வூர் தாக்குப்பிடித்தது.

கூடம் ஏறத்தாழ 34 மீட்டர் நீள அகலம் கொண்டது. ஐந்து வரிசைகளில் 25 கல்தூண்கள் வளைவுக் கூரையைத் தாங்குகின்றன. நடுவிலுள்ள வட்டத் திறப்பு வழியே வெயில் நேராக இறங்குகிறது. தரையில் மெல்லிய படலமாக நீர் நிற்பதால், தூண்களும் வளைவுகளும் தலைகீழாகத் தெரியும். ஆர்சன் வெல்ஸ் தம் ‘ஒதெல்லோ’ படத்தின் ஒரு காட்சியை இங்கே எடுத்தார்.

போர்த்துகீசியர் 1769-இல் ஊரைக் காலிசெய்தனர். குடிமக்களில் பலர் பிரேசிலின் அமேசான் பகுதியில் குடியேற்றப்பட்டனர். கோட்டை நகரம் 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

தரை ஈரமாக இருக்கும்; பார்த்து நடக்கவும். தூண்களில் எதையும் கீற வேண்டாம்.