அடைப்பான்: மண்ணுக்குள் காத்திருக்கும் நோய்

முந்தின நாள் சாயங்காலம் வரை அசை போட்டுக்கொண்டிருந்த மாடு, விடிந்து பார்த்தால் கட்டுத்தறியில் செத்துக் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் கசியும், அது உறையாது. பாம்பு தீண்டியிருக்கும் என்று எண்ணி, தோலையாவது உரித்து விற்கலாமே என்று பலர் கத்தியை எடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து. இது அடைப்பான் நோயாக இருக்கலாம்.

இறந்த மாட்டின் உடலைத் திறக்காமல் விட்டால், உள்ளே அழுகும்போது பெரும்பாலான கிருமிகள் சில நாட்களில் செத்துவிடும். கீறினாலோ, காற்றுப் பட்டதும் கிருமி தடித்த உறை போட்டுக்கொண்டு வித்தாக மாறிவிடுகிறது. வெயிலும் வறட்சியும் அதை எளிதில் அழிப்பதில்லை. ஸ்காட்லாந்தை அடுத்த குருயினார்ட் தீவில் 1942-ல் பிரிட்டிஷ் அரசு இக்கிருமியை வைத்துச் சோதனை நடத்தியது. 1986-ல் கடல்நீரில் பார்மலின் கலந்து மண்ணை நனைத்த பின், 1990-ல்தான் அத்தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தோலின் விலைக்காக மேய்ச்சல் தரையையே கெடுத்துக்கொள்ளலாமா?

அரைகுறையாகப் புதைத்த உடலை நாய் தோண்டும். மழைநீர் வித்துகளை அடித்துச் சென்று பள்ளத்தில் சேர்க்கும். வறட்சியில் புல் கட்டையாகிவிட்டால் மாடு மண்ணோடு சேர்த்துக் கடிக்கும். வித்து உடலுக்குள் போய் மறுபடி கிருமியாகிறது. ஒரே ஊரில் இந்நோய் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சந்தேகம் வந்தால் உடலை அறுக்காமல், இழுத்துச் செல்லாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். காதிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தமே பரிசோதனைக்குப் போதும். உடலை எரிப்பதே மேல். விறகுக்கு வழியில்லையென்றால் கிணறு, குளம், மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் ஆறடிக்குக் குறையாத குழியில் புதைத்து முள்வேலி போடலாம். இரத்தம் சிந்திய மண்ணும் வைக்கோலும் அதே குழிக்குள் போகட்டும்.

தோல் உரித்தவர், கறி அறுத்தவர் கையில் சில நாளில் நமைச்சலோடு கொப்புளம் வந்து, நடுவில் கரிபோலக் கறுக்கும். வலி இராது, அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும். மாடு செத்த விவரத்தை டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

நோய் கண்ட ஊர்களில் மாடு, ஆடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். இம்மருந்து இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. அது வீரியம் குறைத்த உயிருள்ள வித்துகளால் ஆனது. அதே சமயத்தில் பென்சிலின் கொடுத்தால் ஊசி பலிக்காது.