4 விதவை சிறுமிகளோடு ஆரம்பம்... பெண்கள் பள்ளிக்கூடம் வளர்ந்த கதை!

விருத்தாசலம்:

காலை 8 மணிக்கு விருத்தாசலம் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து வரும் டவுன் பஸ்களில் மாணவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். இரட்டை சடை, சீருடை, முதுகில் புத்தகப் பை. நமக்கு இது தினமும் பார்க்கிற காட்சி.

100 வருஷத்துக்கு முன்னால் இதை நினைத்துக்கூட பார்க்க முடியாது. "அடுப்பூதும் பெண்ணுக்கு படிப்பெதற்கு?" என்று வீட்டுக்கு வீடு கேட்ட காலம் அது.

அந்த கேள்விக்கு பதில் சொன்ன பள்ளிக்கூடங்களில் ஒன்று சென்னை திருவல்லிக்கேணியில், மெரினா கடற்கரை சாலையில் இருக்கிறது. அதுதான் லேடி வெலிங்டன் பள்ளி. சென்னைக்கு போகிற நம்ம ஊர்க்காரர்கள் பீச்சுக்கு போகும்போது அந்த வழியாகத்தான் போயிருப்பார்கள். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கண்ணீர் கதை பலருக்கு தெரியாது.

11 வயதில் விதவை

கதை தொடங்குவது ஒரு சிறுமியிடம். பெயர் சுப்பலட்சுமி. 1886-ம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார்.

அந்த காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு மொட்டை அடித்து, வெள்ளைச் சேலை கட்டி, மூலையில் உட்கார வைத்து விடுவார்கள். நல்ல காரியத்துக்கு போகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்கவே யோசிப்பார்கள். ஆனால் சுப்பலட்சுமியின் பெற்றோர் அப்படி செய்யவில்லை. ஊர் பேச்சை காதில் வாங்காமல் மகளை படிக்க வைத்தார்கள்.

1911-ம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார் சுப்பலட்சுமி. சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவைப் பெண் அவர்தான்.

டீச்சர் இருந்தால்தான் பள்ளி

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஆண் வாத்தியார் பாடம் எடுத்தால் வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பெண் டீச்சர் வேண்டுமென்றால் படித்த பெண்கள் வேண்டும். பெண்களைத்தான் படிக்கவே விடுவதில்லையே!

இன்னொரு பக்கம், வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த விதவை சிறுமிகள் ஏராளம். இவர்களை படிக்க வைத்து டீச்சர் ஆக்கினால் அவர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும், பள்ளிக்கும் ஆள் கிடைக்கும். கல்வித்துறை அதிகாரியாக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற பெண்மணியும் சுப்பலட்சுமியும் சேர்ந்து போட்ட கணக்கு இது.

எழும்பூரில் 4 சிறுமிகளோடு விடுதி ஆரம்பமானது. இடம் போதாமல் அது கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுசுக்கு மாறியது. அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை போட்டு வைக்க 1842-ல் கட்டிய கட்டிடம் அது. விவேகானந்தர் 1897-ல் தங்கியதும் அங்கேதான். 1917-ல் அரசு வாங்கிய அந்த கட்டிடம் விதவை பெண்களின் விடுதியானது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

அடுத்து 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அப்போதைய கவர்னரின் மனைவி பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். முதல் முதல்வர் சுப்பலட்சுமியேதான். டீச்சர் ஆகப் போகிறவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக அதோடு ஒரு பெண்கள் பள்ளியும் வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல்லூரியில் டீச்சர்கள் உருவானார்கள், பள்ளியில் சின்னப் பெண்கள் படித்தார்கள்.

எல்லோருக்கும் கதவு திறந்தது எப்போது?

இந்த கதையில் ஒரு குறையும் உண்டு. ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான் இடம். உழைக்கிற வீட்டுப் பெண்களுக்கு அங்கே கதவு திறக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தொடங்கிய அவ்வை இல்லம்தான் சாதி பார்க்காமல் பெண் பிள்ளைகளை சேர்த்துக் கொண்டது.

அதன்பிறகு பெண்ணை பள்ளிக்கு அனுப்பாததற்கு வீட்டில் சொல்லும் ஒவ்வொரு காரணமும் மெல்ல மெல்ல அடிபட்டுப் போனது.

"சோத்துக்கே வழியில்ல, படிப்பு எதுக்கு?" என்றார்கள். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டம் கொண்டு வந்தார்.

"பள்ளிக்கு மேல படிக்க வெளியூர் போகணுமே!" என்றார்கள். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் பி.யு.சி. படிக்க கல்லூரிக்குத்தான் போக வேண்டும். கல்லூரியோ தூரத்தில் இருக்கும். 1978-ல் பிளஸ்-2 முறை வந்தது. உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. டவுன் பெண்கள் பள்ளியிலேயே பிளஸ்-2 வரை படிக்க முடிந்தது.

"பள்ளிக்கூடம் தூரம்" என்றார்கள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. 2005-ல் அது எல்லா மாணவ, மாணவிகளுக்கும் ஆனது.

"படிக்க வச்சா கல்யாண செலவுக்கு எங்கே போறது?" என்றார்கள். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் படித்திருந்தால்தான் பணம். 2022-ல் அந்த திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசு பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. கல்யாணத்துக்கு கொடுத்த காசு காலேஜுக்கு திரும்பியது!

நம்ம ஊருக்கு என்ன?

விருத்தாசலத்திலும் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பிளஸ்-2 முடித்தால் உள்ளூரிலேயே கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீங்கான் தொழிலுக்கு பேர் போன ஊர் இது. பொம்மைக்கு வர்ணம் அடித்தும், முந்திரி உடைத்தும் மகளை படிக்க வைக்கும் அம்மாக்கள் இங்கே நிறைய பேர்.

ஆனாலும் கடைசி காரணம் ஒன்று இன்னும் சாகவில்லை. "பத்தாவது முடிச்சுட்டா, நல்ல இடம் வந்துருக்கு, கட்டிக் கொடுத்துடலாம்" என்பதுதான் அது. 18 வயது ஆகாத பெண்ணுக்கு கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். நடத்தி வைப்பவர்களுக்கு 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தகவல் சொல்ல 1098 என்ற எண் இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 11 வயதில் எல்லாம் முடிந்து போனதாக ஊர் சொன்ன பெண், ஒரு கல்லூரிக்கும் பள்ளிக்கும் தலைவி ஆனார். 1958-ல் பத்மஸ்ரீ விருதும் வாங்கினார். அன்று அவரது வீட்டில் செய்தது ஒன்றே ஒன்றுதான். பெண்ணை படிப்பில் இருந்து நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் பத்தாவது முடிக்கப் போகிற பெண் இருக்கிறாளா? மாப்பிள்ளை எங்கேயும் ஓடிவிட மாட்டார். ஆனால் நின்று போன படிப்பு திரும்பக் கிடைப்பது கஷ்டம். முதலில் பிளஸ்-1 விண்ணப்பத்தை வாங்கிக் கொடுங்கள்!