எல்லா ஷேடுக்கும் ஒரே வேகம்

திருப்பூரில் ஷேடு பார்க்கும் மேஜைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சாம்பல் நிற லைட் பாக்ஸுக்குள் பையர் அனுப்பிய துணித்துண்டையும் சாயப்பட்டறையிலிருந்து வந்த மாதிரிச் சாயத் துண்டான லேப் டிப்பையும் ஒட்டி வைத்து, மெர்ச்சண்டைசர் ஸ்விட்சை மாற்றுவார். டி65 என்றால் பகல் வெளிச்சம். அதில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளின் ட்யூப் லைட். அதற்கு மாற்றியதும் ஒன்று மட்டும் லேசாகச் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். லாட்டே திரும்பி வர இது போதும்.

விளக்குக்கு விளக்கு இத்தனை மாறுகிறதே, ஒளியின் வேகமும் மாறுமா? மாறாது. சிவப்போ நீலமோ யூவியோ, வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். காற்றிலும் ஏறக்குறைய அதேதான். புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லையே என்று தோன்றலாம். காரணம், 1983 முதல் மீட்டரையே இந்த வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். (பின்னல் துணியைக் கிலோவில் விற்கும் நம் ஊருக்கு இது பெரிய கவலை இல்லை.)

நிட்டிங் மிஷினில் லூப் லென்த்தைக் குறைத்தால், சுற்று மாறாதவரை துணி குறைவாகத்தான் இறங்கும். ஒளிக்கு அந்தக் கஷ்டமில்லை. அலை குட்டையானால் எண்ணிக்கை கூடி ஈடுகட்டிவிடும். சிவப்பின் ஓரத்தில் அலைநீளம் 700 நானோமீட்டர், நொடிக்குச் சுமார் 4.3 கோடி கோடி அதிர்வு. ஊதாவில் 400 நானோமீட்டர், 7.5 கோடி கோடி. பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே விடை.

சாய நூல் கோன்களை உலர்த்தும் ஆர்.எஃப். டிரையரில் ஓடும் ரேடியோ அலையும் ஒளியின் குடும்பம்தான். நொடிக்கு 2.712 கோடி அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் 11 மீட்டர், ஒரு பஸ் நீளம்! கோனுக்குள் இருக்கும் ஈரத்தை ஆட்டிச் சூடாக்குவது அதுதான். 1860-களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் மின்சார, காந்த அளவுகளிலிருந்தே மின்காந்த அலைகளின் வேகத்தைக் கணக்கிட்டார். அது ஒளியின் வேகத்தோடு பொருந்தியதும், ஒளியே மின்காந்த அலைதான் என்றார்.

கண்ணாடிக்குள் போனால் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டராகத் தளரும். அங்கே நிறத்துக்கு நிறம் வேகம் கொஞ்சம் வேறுபடும். பட்டகத்தில் வானவில் பிரிவது அதனால்தான்.

கடைசியாக, லைட் பாக்ஸின் யூவி ஸ்விட்ச். வெள்ளை பனியன் துணி நீலமாக ஜொலிக்கும். துணியில் ஏற்றிய பிரைட்னர் யூவியை விழுங்கி, அதிர்வெண் குறைந்த நீல ஒளியாக வெளியே விடுகிறது. வந்த வேகமும் போகும் வேகமும் ஒன்றே. சோப்புத் தூளிலும் இதே சங்கதி உண்டு. உங்கள் வெள்ளைச் சட்டைக் கையை உள்ளே நீட்டிப் பாருங்கள், அதுவும் ஜொலிக்கும்.