எட்டையும் கொடுத்துடாதீங்க!

லேப்டாப்பில் விண்டோஸ் ஓடுகிறது. அதற்குள்ளேயே லினக்ஸையும் ஓட்டிப் பார்க்க ஆசை. வர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு பொய்க் கம்ப்யூட்டர், தயார் பண்ணுகிறீர்கள். 'எத்தனை பிராசஸர் வேணும்?' என்கிறது. 'எட்டு இருக்கே, எட்டையும் எடுத்துக்கோ!' என்று கர்ணனாகிவிடுகிறீர்கள். தொலைந்தது! உள்ளே கனமான வேலை ஆரம்பித்ததும் வெளியே மவுஸ் நொண்டியடிக்கும்.

முதல் விஷயம், பல லேப்டாப்களில் அந்த எட்டே பாதி கண்கட்டு வித்தை. நிஜத்தில் இருப்பது நாலு கோர்தான். ஹைப்பர் த்ரெடிங் உபயத்தில் எட்டாகத் தெரியும். அதிலும் வீட்டுக்காரர் விண்டோஸுக்கு மிச்சம் வைக்க வேண்டாமா?

கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். தனி ஆள் கிடைத்த இலையில் உட்கார்ந்து பாயசம் வரை முடித்துவிடுவார். 'நாங்க நாலு பேரும் சேர்ந்துதான் உட்காருவோம்' என்கிற குடும்பம் நின்றுகொண்டே இருக்கும். விஎம்வேர் கம்பெனியின் பழைய ஈ.எஸ்.எக்ஸ். சர்வர் சாஃப்ட்வேர் இப்படித்தான். நாலு கோர் கேட்ட மெஷினுக்கு, நாலும் ஒன்றாகக் காலியாகிற வரை வெயிட்டிங்! பாவம், ஒரே கோர் கேட்ட மெஷின் முந்திக்கொண்டு போகும். 2006-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பிடிவாதத்தைத் தளர்த்தினார்கள். முழுசாகப் போய்விடவில்லை.

ஆகவே, இரண்டில் ஆரம்பியுங்கள். வேலை நேரத்தில் இரண்டுமே நூறு சதவிகிதத்தில் மூச்சு வாங்கினால் மட்டும் மூன்றாக்கலாம்.

உள்ளே போடுவது விண்டோஸ் ஹோம் என்றால் இன்னொரு கூத்து. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் 'ஒரு பிராசஸர், இரண்டு கோர்' என்று கொடுங்கள். 'இரண்டு பிராசஸர், தலைக்கு ஒரு கோர்' என்று கொடுத்தால் ஹோம் ஒன்றைத்தான் சீண்டும். இன்னொன்று தண்டச்சோறு!